பொது ஆலோசனையின் மூலதனம்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு விசாரணை

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் இலங்கைக்கு வந்த அரசியற் சீர்திருத்த ஆணைக்குழு கொழும்பில் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டுவந்த நாட்களில், அவ்வாண்டு டிசம்பரிலே தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் தூதுக்குழுவொன்றும் அதன் முன்னிலையில் ஆஜராயிற்று. சங்கத்தின் கோரிக்கை அடக்கமானது. கல்வியோ சொத்தோ உடைய பெண்களுக்கேனும் வாக்கு வேண்டும் என்பதற்கு மேல் அது போகவில்லை. தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்று கருதுகிறீர்களா என்று ஆணைக்குழுவினர் வினவ, சங்கத்தின் செயலாளரான அக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று விடை பகர்ந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினர்க்கே வாக்கிருந்த ஒரு நாட்டுக்கு, 1928 ஜூலையில் வெளியான அறிக்கை சர்வஜன வாக்குரிமையை விதந்துரைத்தது. பெண்களுக்கு 30 வயது என்று முதலில் விதிக்கப்பட்ட எல்லையும் பின்னர் 21ஆகக் குறைக்கப்பட்டு, 1931 ஜூனில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது.

அதன் பயன் கொழும்பிலும் விரைவிலே தெரிந்தது. கொட்டாஞ்சேனை முதலான வட பகுதிகள் சேர்ந்த கொழும்பு வடக்குத் தொகுதியில், 1932ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி வெற்றிபெற்று அரசாங்க சபையிற் புகுந்தார். அவருடைய கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரத்தின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். அந்த அரசாங்க சபையின் அமைப்பையும் இவ்விடத்திற் சிறிது நோக்குதல் தகும். மந்திரிகள் சிலர் கூடித் தீர்மானிக்க ஏனையோர் கைதூக்குவது என்ற வெஸ்ட்மின்ஸ்டர் சம்பிரதாயத்தை விட்டு, லண்டன் மாநகர நிர்வாக மன்றத்தின் முறையை ஒருவாறு தழுவி, உத்தியோகத்தரல்லாத உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏழு நிர்வாகக் குழுக்களுள் ஒன்றில் அமர்ந்து, கோப்புகளை வாசித்து, அதிகாரிகளை விசாரித்து, எதிர்க்கருத்துடையவரோடு ஒரே மேசையைச் சுற்றியிருந்து முடிவுகாணுமாறு அது வகுக்கப்பட்டிருந்தது. இம்முறை தமிழருக்குப் பூரண பாதுகாப்பு அளித்தது என்று நான் சொல்லமாட்டேன். 1936இல் குழுத் தலைமைகள் ஏழும் சிங்களவர்க்கே சென்றதை யாவரும் அறிவர். ஆயினும் நம் நாட்டு அரசியற் சரித்திரத்தில், ஆலோசித்தல் என்பதே ஆட்சி நடத்தும் உபாயமாக இருந்த காலம் அந்தப் பதினாறு ஆண்டுகள்தாம். 1947இல் அம்முறை கைவிடப்பட்ட பின்பு அதுபோன்றதொன்று தேசிய மட்டத்தில் மீண்டும் எழவில்லை.

தோட்டத்துப் பெண்ணின் கதை வேறு விதமாக முடிந்தது. கட்டுப்பாடுகள் பலவற்றோடு அவளுக்குக் கிடைத்த வாக்கு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் பறிபோயிற்று. அவள் வேலை செய்த மலைச்சரிவிலிருந்து வெகுதூரத்தில், அவள் அறியாத ஆங்கில பாஷையில், அவளைப் பற்றி ஒரு கேள்வியும் விடையும் நிகழ்ந்தன. அவளைக் கேளாமலே கொடுத்ததை அவளைக் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள்.

பொது விவகாரங்களில் மக்கள் கூடி ஆலோசிப்பதைப் பற்றி எழுதுவோர், பேச்சுச் சுதந்திரம் உண்டா இல்லையா என்ற வினாவோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். சுதந்திரம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் சுதந்திரம் மாத்திரம் ஆலோசனையை உண்டாக்கிவிடாது. அதற்கு மூலதனம் வேண்டும். அச்சமின்றிக் கூடுவதற்கு ஓரிடமும், ஆலோசிக்கப்படும் விஷயத்தை முன்கூட்டியே சொந்த பாஷையில் வாசித்தறிவதற்கு வேண்டிய ஆவணமும், சொன்ன சொல்லுக்கு எழுத்தில் வரும் மறுமொழியும் அம்மூலதனத்தின் பிரதான அங்கங்கள் என்பது என் துணிபு. கொழும்புத் தமிழருடைய, அவர்களுள்ளும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருடைய அநுபவத்தைக் கொண்டு இதனை ஆராய முற்படுகிறேன். ஏனெனில், பேச வல்லாரும் எழுத வல்லாரும் இத்துணை நெருங்கி வாழ்ந்தும், தம் தெருவின் வாய்க்காலைப் பற்றிய தீர்மானத்திற்கூடத் தம் அபிப்பிராயம் எட்டாத ஒரு சமூகத்தை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது.

கூடும் இடங்கள் நமக்கு இல்லாமற் போனதில்லை. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பி, கீழ்நாட்டில் தமது முதற் பிரசங்கத்தைக் கொழும்பிலே செய்தார். அந்த உத்வேகத்திற் பிறந்து, 1902 முதல் கொட்டாஞ்சேனையில் இயங்கிவருகிறது விவேகானந்த சபை. தீவு முழுவதும் சைவ சமயப் பரீட்சைகளை நடத்திவரும் அச்சபையினால், ஊர்விட்டுத் தலைநகர் வந்த எழுதுவினைஞர்க்கும் வியாபாரிகட்கும் ஒன்றுகூடப் பொதுவான ஒரு கூரை கிடைத்தது. வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் நூலகமும், சங்கரப்பிள்ளை மண்டபமும், அறிவோர் ஒன்றுகூடல் என்ற பெயரில் அங்கு நிகழும் உரையரங்கும் இத்தீவின் தமிழ் வாசகர் பலருக்குப் பழகியவை. இத்தகைய ஸ்தாபனங்களில் இலக்கியமும் சமயமும் சரித்திரமும் எவ்வளவு சிரத்தையோடு விசாரிக்கப்படுகின்றனவோ, அதே சிரத்தையோடு மாநகர சபையின் வரவு செலவுத் திட்டமும் விசாரிக்கப்படல் வேண்டும் என்பது என் விருப்பம். புறநானூற்றுச் செய்யுள் ஒன்றின் பாடபேதத்தை ஒரு மாலை முழுதும் பொறுமையோடு ஆராயும் சபைக்கு, ஒரு கணக்கறிக்கையை ஆராயும் திறமை நிச்சயமாக உண்டு.

கற்றோர் கூடிய மண்டபங்களோடு இச்சரித்திரம் முடிந்துவிடாது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம், இத்தீவின் இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு சம்பந்தப்பட்டது. மலையாளிகள் பலர் வேலைசெய்த அந்த ஆலையில், அந்நாளில் தொழிலாளர் தலைவராகப் புகழ்பெற்றிருந்த ஏ. ஈ. குணசிங்க வேலைநிறுத்தத்துக்கு எதிராக நிற்க, இளைஞரான கொல்வின் ஆர். டி சில்வாவும் அவருடைய தோழர்களும் தொழிலாளர் பக்கம் நின்றனர். இரண்டு ஆண்டுகளின் பின் அவர்களே லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். பல பாஷைகள் பேசுவோர் ஒரு வாயிலில் நின்று, கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் தர்க்கித்த அந்த நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் மாடிக் குடியிருப்புத் தொகுதி எழுந்து நிற்கிறது.

இடமிருந்தும் அச்சமிருந்தால் அங்கு ஆலோசனை நிகழாது. 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டமூலத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகமிருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள். 1958உம் 1983உம் இந்நகரின் தமிழ் இல்லங்களுக்குச் செய்தவற்றை நான் விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் நிகழ்ந்ததை இவ்வாராய்ச்சியின் பொருட்டு நினைவுபடுத்தியே ஆகவேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணமில்லாதவர் என்று கூறப்பட்டுப் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாறு ஏற்றப்பட்டோர் 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவரும், வெளிநாட்டுப் பயணத்துக்கு விசா எதிர்பார்த்திருந்தவரும், தொழில் தேடி வந்தவரும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இதனால் அறியப்படுவன இரண்டு. பொலிஸ் பதிவுத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாழப் பழகிய சமூகம், தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி ஒரு பொது விசாரணைக்கு மனுக்கொடுப்பதற்கு எவ்வளவு தயங்கும் என்பது ஒன்று. அத்தயக்கம் ஒரு தலைமுறையில் தீர்வதில்லை. சட்டத்தின் வாசகத்தை அறிந்த சிலர் சில மணி நேரத்துக்குள் அதனைப் பயன்படுத்தினால், ஆயிரம் கண்டனக் கூட்டங்கள் சாதியாததைச் சாதிக்கலாம் என்பது மற்றொன்று. முன்னதை மாத்திரம் நாம் நெடுங்காலம் மனத்திற் கொண்டிருக்கிறோம். பின்னதற்கு உரிய கவனம் கொடுத்தோமா என்று எனக்குச் சந்தேகமாயிருக்கிறது.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கி, அதே காலிமுகத்திடலில் சில மாதங்கள் நீடித்த மக்கள் போராட்டத்தின்போது, கூடாரமொன்றில் நூலகம் அமைந்தது. திறந்த வெளியில் யாப்பைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் விரிவுரைகள் நிகழ்ந்தன. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கு நினைவுகூரப்பட்டுக் கஞ்சி வழங்கப்பட்டது. 1956இல் அடிபட்ட அதே புற்றரையில் அது நிகழ்ந்ததை நான் சாமானியமான காரியமாகக் கருதவில்லை.

இனி ஆவணத்தைப் பற்றிய விஷயம். தஞ்சாவூரிலிருந்து வந்து கொழும்பில் தங்கிய கோ. நடேசய்யர், 1920களில் தேசநேசன், தேசபக்தன் என்னும் பத்திரிகைகளை நடத்தியதோடு அமையாது, தோட்டத் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டிய சட்ட விஷயங்களை எளிய தமிழிற் சிறு பிரசுரங்களாக எழுதி வெளியிட்டார்; அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதே விஷயங்களைப் பாட்டாக்கித் தோட்டங்கள்தோறும் பாடினார். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, துரை எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அறியாத ஒருவன் எந்தக் கூட்டத்திலும் அழத்தான் முடியும், வாதிக்க முடியாது. இதனை உணர்ந்து, மேடை ஏறுவதற்கு முன் அச்சுக்கூடத்துக்குப் போன அந்தத் தம்பதியரை, இந்நாட்டில் பொது ஆலோசனைக்கு மூலதனம் சேர்த்தோருள் முதல் வரிசையில் நான் வைக்கிறேன். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றிய பின்னர் தமிழில் நாட்டு நடப்பு அறிவது எளிதாயிற்று. ஆயினும் நடப்பை அறிவது வேறு, ஒரு தீர்மானத்துக்கு ஆதாரமான பத்திரங்களை அறிவது வேறு.

சட்டத்தின்படி இன்று நமது நிலை மோசமானதன்று. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. மறு வருடத்துப் பதினாறாம் திருத்தம் நிர்வாகத்தில் அம்மொழி வழங்கும் முறையை விரித்துரைத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைக்கும் சட்டமும் வந்தது. நடைமுறையைக் காண ஓர் உதாரணம் போதும். தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் ஒரு பெருந்திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்படல் வேண்டும். அதற்கான அறிவித்தல் மும்மொழிப் பத்திரிகைகளிலும் பிரசுரமாகும். அறிவித்தலைத் தமிழில் வாசித்துச் செல்பவருக்கு அங்கே காத்திருப்பதோ, பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் அமைந்த ஒரு தொழில்நுட்ப நூல். வேலைக்குப் போய் வரும் ஒரு மனிதர், அதனை வாசித்து, விளங்கி, அயலாரோடு கலந்து, ஆட்சேபம் எழுதிக் கொடுப்பதற்கு அந்த முப்பது நாட்களும் எவ்வாறு போதும்? கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எவருடைய கண்ணீர்ச் சாட்சியத்தால் அது நிறைந்ததோ அவருடைய பாஷையில் உத்தியோகபூர்வமான பிரதி மாதங்கள் பல கழிந்தே கிடைத்தது. பொலிஸ் நிலையங்கள் எங்கும் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று விதந்துரைத்ததும் இதே அறிக்கைதான்.

மறுமொழி என்று நான் குறிப்பிட்ட மூன்றாம் அங்கம்தான் மூன்றினுள்ளும் அதிகம் புறக்கணிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் மாத்திரம் இரண்டு பெரும் விசாரணைகள் இத்தீவெங்கும் நடந்தன. சட்டத்தரணி லால் விஜேநாயக்க தலைமையில் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிப் பொதுமக்கள் கருத்தறியும் குழு, 25 மாவட்டங்களிலும் அமர்ந்து, நேரில் வந்த 2,500க்கும் மேற்பட்டோர் சொன்னவற்றைக் கேட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலும் பாக்கியசோதி சரவணமுத்துவைச் செயலாளராகக் கொண்டும் அமைந்த பதினொருவர் செயலணி, நல்லிணக்கப் பொறிமுறைகளைப் பற்றி 7,306 சமர்ப்பணங்களைப் பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் சில அமர்வுகளைப் புலனாய்வாளர் கண்காணித்ததையும், வந்தோர் மிரட்டப்பட்டதையும் அச்செயலணியின் அறிக்கையே பதிவு செய்கிறது. அவ்வளவையும் மீறி வந்து சொன்னவர்களின் சொற்கள் அடங்கிய அந்த அறிக்கை 2017 ஜனவரி 3ஆம் திகதி கையளிக்கப்பட்டபோது, அதனைக் கையேற்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை; முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவே பெற்றுக்கொண்டார். அரசியலமைப்பு முயற்சியோ 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை ஒன்றை ஈன்று, அடுத்த ஆண்டு அரசியல் நெருக்கடியோடு அடங்கிற்று.

பரிந்துரை யாவும் ஏற்கப்படல் வேண்டும் என்பது என் வாதமன்று. ஜனநாயகத்தில் ஓர் அரசாங்கம் பரிந்துரையை நிராகரிக்கலாம். நிராகரிப்பதற்குரிய நியாயத்தை, சொன்னவர் வாசிக்கக்கூடிய பாஷையில், குறித்த காலத்துக்குள் எழுதிச் சொல்லும் கடமை அதற்கு உண்டு; அக்கடமையை விதிக்கும் சட்டம்தான் நம்மிடம் இல்லை. விசாரணை ஆணைக்குழுக்களைப் பற்றிய 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அறிக்கையை வெளியிடுமாறுகூட வற்புறுத்துவதில்லை. 2006இல் நியமிக்கப்பட்ட உடலகம ஆணைக்குழுவின் அறிக்கையை மக்கள் கண்டது 2015 ஒக்டோபரில். மகனைத் தேடிய ஒரு தாய், ஆணைக்குழு ஒவ்வொன்றின் முன்னும் அதே கதையை அதே ஒழுங்கில் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஓர் இலக்கத்தை மாத்திரம் பெற்றுத் திரும்பினால், அடுத்த முறை அழைக்கும்போது அவள் வரமறுப்பதை அசிரத்தை என்று சொல்லலாமா? அவள் அநுபவத்தினால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்.

இந்நிலையில், குடிமகன் கேட்டால் அரசு விடைசொல்லியே தீரவேண்டும் என்று காலவரையறையோடு விதித்த சட்டம் ஒன்று நம்மிடையே வந்திருப்பதன் அருமையை நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை, தமிழிலே கேட்கலாம், எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ளல் வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன்மேல் ஆணைக்குழுவிடமும், இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் செல்ல வழியுண்டு. கண்டனத் தீர்மானத்துக்கு எவரும் பதில் எழுதக் கடமைப்பட்டவரல்லர். இவ்விண்ணப்பத்துக்குப் பதில் எழுதாத உத்தியோகத்தர் சட்டத்தை மீறியவராவார்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நம்மவர் பெருமையோடு பேசும்போது, குடத்திலிட்டு ஓலை எடுத்ததையே எடுத்துரைப்பது வழக்கம். பிராமணர் சபையொன்றின் ஏற்பாட்டை எல்லாருக்குமான ஜனநாயகம் என்று கொண்டாடுவது மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும், முதலாம் பராந்தகனுடைய காலத்து அவ்விதிகளுள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்ற ஒரு விதி உண்டு. நாம் கற்கவேண்டிய பாகம் அதுவே. கணக்குக் கேட்டலே பங்குபற்றுதலின் அடிப்படை.

கணக்குக் கேட்க வேண்டிய முதல் இடம் மாநகர சபை. 1865ஆம் ஆண்டின் சட்டத்திற் பிறந்த கொழும்பு மாநகர சபை, 2023 மார்ச்சில் அதன் பதவிக்காலம் முடிந்தபின், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவருமின்றி அதிகாரிகளால் நடத்தப்பட்டது. அந்த மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளப்பட்டதை, அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. அக்காலமெல்லாம் சோலைவரி தவறாமல் அறவிடப்பட்டது. வட்டாரத்துக்கென ஓர் உறுப்பினரைத் தெரியும் முறை 2018இல் மீண்டும் வந்ததனால், இன்று வெள்ளவத்தைவாசி ஒருவர் தம் வாய்க்காலைப் பற்றிக் கேட்க ஒரு முகமேனும் உண்டு.

நகர விவகாரம் சில்லறை விஷயம் என்று நினைப்போருக்கு மீதொட்டமுல்லையை நினைவுபடுத்துகிறேன். கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் குப்பைமேடு 2009இல் மூடப்பட்டபோது, கொழும்பின் குப்பை மாநகர எல்லைக்கு வெளியே கொலன்னாவைப் பகுதிக்குச் சென்றது. அங்குள்ளோர் பல ஆண்டுகள் ஊர்வலம் போயும் மனுக்கொடுத்தும் பார்த்தனர். ஆனால் குப்பையைக் கொட்டும் சபைக்கு வாக்களிப்போர் அவர்களல்லர். குப்பையை உண்டாக்கிய எமக்கு வாக்கிருந்தது, அது எங்கே போகிறது என்று நாம் கேட்கவில்லை. குப்பையின் அடியில் வாழ்ந்தோர் கேட்டார்கள், அவர்களுக்கு அச்சபையில் வாக்கில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், அம்மேடு சரிந்து 32 பேர் மாண்டனர். இதில் நமக்குரிய பங்கை நான் மறைக்க விரும்பவில்லை.

வெள்ளவத்தையின் இன்றைய வாழ்க்கை தொடர்மாடி வாழ்க்கை. காலி வீதிக்கும் கடலுக்குமிடையே ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஓங்கி நிற்கும் அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உரிமையாளர் அனைவரும் உறுப்பினராகிய ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருத்தல் வேண்டும். நீர்த்தாங்கியையும் மின்தூக்கியையும் மாதாந்தக் கட்டணத்தையும் பற்றி அங்கு எழும் தர்க்கங்களைச் சிறுமையாக எண்ணுவோர் பலர். கூட்டக் குறிப்பு எழுதப்படுகிறதா, கணக்கு முன்கூட்டியே சுற்றுக்கு விடப்படுகிறதா, மாறுபட்டவர் சொன்னதும் பதிவாகிறதா என்ற பழக்கங்களைப் பயிலும் பள்ளிக்கூடம் அதுவே என்று நான் கருதுகிறேன். ஒரு குறை உண்டு: உரிமையாளர் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, இக்கட்டடங்களில் வாழும் வாடகைக் குடியிருப்பாளருக்கு அந்தக் கூட்டத்தில் வாக்கில்லை. அவர்களையும் அழைத்துக் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

கேரளத்தில் 1996 ஓகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒதுக்கப்பட்டது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. பணத்தைப் பங்கிடுவதற்கு முன், ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊரின் சரித்திரத்தையும் நிலத்தையும் நீரையும் பாடசாலையையும் வைத்தியசாலையையும் ஆராய்ந்து, மலையாளத்தில் ஓர் அபிவிருத்தி அறிக்கையை எழுதி அச்சிட்டுக் கருத்தரங்கின் முன் வைத்தது. 1962 முதல் அறிவியலைத் தாய்மொழியில் எழுதிப் பரப்பிவந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் உழைப்பினாலேயே அதற்கு வேண்டிய எழுத்தாளரும் பயிற்றுநரும் ஆயிரக்கணக்கிற் கிடைத்தனர். தொடக்கத்து உற்சாகம் பின்னர் பல இடங்களிற் குன்றியதுண்டு; எழுதப்பட்ட அறிக்கைகள் நிலைத்தன.

அத்தகைய அறிக்கை ஒன்று வெள்ளவத்தைக்கு இல்லை. அதனை எழுத வல்ல ஓய்வுபெற்ற பொறியியலாளரும் கணக்காளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் நாள்தோறும் மாலையில் கடற்கரை வீதியில் உலாவுகின்றனர். பழைய பிரசுரங்களைத் தேடுவோர்க்கு, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தின் களஞ்சியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புதிய தரவுகளுக்கோ தகவற் சட்டம் இருக்கிறது: ஒழுங்கை ஒவ்வொன்றிலும் எத்தனை மாடிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது, தீயணைப்பு வண்டி உட்புகும் அகலம் அங்கு உண்டா, கழிவுநீர்க் குழாய்கள் எந்த ஆண்டில் எத்தனை குடும்பங்களுக்கென இடப்பட்டவை, கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, அதற்குச் செலவான பணம் எவ்வளவு, இவ்வட்டாரத்திலிருந்து அறவிடப்பட்ட சோலைவரியில் எவ்வளவு இங்கேயே செலவிடப்பட்டது என்று ஆறு விண்ணப்பங்கள் போதும் தொடங்குவதற்கு. வரும் விடைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுக்கும் கொடுத்து, வாடகைக் குடியிருப்பாளரையும் சேர்த்து ஒரு மண்டபத்தில் ஒரு நாள் முழுதும் வாசித்து விவாதித்து, எழும் முடிவுகளை வட்டார உறுப்பினரிடம் கையளித்து, அவருடைய எழுத்து மூலமான பதிலையும் அடுத்த பிரசுரத்தில் சேர்த்து வெளியிடலாம். விண்ணப்பங்களை மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் தனித்தனியே அனுப்புதல் வேண்டும். இரண்டும் வேறு வேறு பொது அதிகாரசபைகள் ஆதலால், ஒன்றிடம் கேட்டதற்கு மற்றொன்று பொறுப்பாகாது.